உட்கார முடியாத தையல்காரி

இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். துணி வெட்டுகிற மேசையில் போனைச் சாய்த்து வைத்து, பாதி பேசி, பாதி தட்டி. மார்த்தாண்டம் பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். 22 வருஷம் மிஷினில் உட்கார்ந்த உடம்பு இது. நடுவில் ஒரு 14 மாதம் என்னால் உட்காரவே முடியாமல் போனது. முதுகு வலியா என்று எல்லாரும் கேட்டார்கள், நானும் ஆமாம் என்றே சொல்லிவந்தேன், ஏனென்றால் வலி இருக்கிற இடத்தின் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியிடம் முதுகு, வீட்டுக்காரரிடம் இடுப்பு, டாக்டரிடம் "கீழே". கீழே என்றால் எங்கே? அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே நேராகவே எழுதிவிடுகிறேன். பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவே, இடது பக்கம். தையல் மிஷினுக்குள் அடிநூல் சுற்றிப் போடுகிற சின்ன உருளையைப் பாபின் என்போம், அதை அங்கே வைத்து அதன் மேல் உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் உள்ளே ஏதோ உருண்டையாகக் கிடக்கிற மாதிரியே இருக்கும், அதோடு ஒரு எரிச்சல், சில நேரம் சுரீரென்று கரண்ட் அடித்தது போல. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் தொடங்கியது. அந்த மாதம் எங்கள் தொழிலில் எப்படி இருக்கும் என்று தையல்காரிகளுக்குத் தெரியும், காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் யூனிஃபார்ம் குவியலுக்குள் இருந்து இரவு பதினொன்றுக்குத்தான் தலை வெளியே வரும். காலையில் இரண்டாக இருக்கிற வலி சாயங்காலம் எட்டாகிவிடும். படுத்தால் போய்விடும். அதனாலேயே வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, ராத்திரி நல்லா உறங்குறாளே, அப்புறம் என்ன நோவு?

டாக்டர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்தால் எனக்கே அலுப்பு. முதலில் மூத்திரக் கடுப்பு என்று மாத்திரை. பரிசோதனையில் கிருமி இல்லை, ஆனாலும் இன்னொரு கோர்ஸ். அப்புறம் மூலம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது, எடுத்துவிட்டால் சரியாகும் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், நல்லவேளை, பணம் கையில் இல்லாததால் அது நடக்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகுத் தண்டில் ஒரு தட்டு லேசாகப் பிதுங்கியிருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் படம் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கடைசியாக ஒருவர், உங்களுக்கு மனசில் ஏதாவது கவலை உண்டா என்று கேட்டார். உண்டு டாக்டர், உட்கார முடியவில்லை என்று ஒரு கவலை.

என்னைப் பிடித்தவர் டாக்டர் இல்லை, ஒரு பிசியோ பெண். முதுகுக்குப் பயிற்சி சொல்லித்தர வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் இருப்பார். நான் சுவரில் சாய்ந்து நிற்பதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்.

"அக்கா, நாற்காலியில உக்காந்தா வலிக்கும். வெஸ்டர்ன் கக்கூஸ்ல உக்காந்தா வலிக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலிக்காது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற விஷயமா அது? பல நாள் கடையில் வேலை நடுவே பத்து நிமிஷம் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன், உடம்புக்கு வேறு எங்கேயும் உட்கார இடம் இல்லாமல். கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் அக்காவுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி நடுவில் அழுத்துகிறது, கக்கூஸ் சீட்டில் நடுவில் ஓட்டை, பாரம் எல்லாம் இரண்டு பக்க எலும்பில் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் அந்தப் பெண். எத்தனையோ ஸ்கேன் காட்டாததை ஒரு கக்கூஸ் சீட் காட்டிக்கொடுத்தது.

அங்கே அழுத்தப்படுவது ஒரு நரம்பு, அதன் பேர் புடெண்டல் நரம்பு. முதுகின் அடியில் திருவெலும்பில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது துளைகளிலிருந்து வருகிற நரம்பு வேர்கள் சேர்ந்து உண்டாவது. பிட்டத்துக்குள் இறங்கி, ஒரு எலும்பு முனையைச் சுற்றி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து, திரும்பவும் இடுப்புக் கூட்டுக்குள் வந்து, ஒரு உறைக்குள் ஓடி, மூன்றாகப் பிரிந்து மலவாய்க்கும் அடிப்பகுதிக்கும் பிறப்புறுப்புக்கும் போகிறது. எனக்குப் புரிந்த விதம் வேறு: பாவாடைக்கு நாடா கோப்போம் இல்லையா, ஊக்கில் நாடாவை மாட்டி மடிப்புக்குள் தள்ளிக்கொண்டே போவோம், ஓரிடத்தில் தையல் இறுக்கமாக இருந்தால் அங்கே நாடா சுருங்கி மாட்டிக்கொள்ளும். அதே கதை. நரம்பு ஓடுகிற அந்த உறைக்கு ஆல்காக் கால்வாய் என்று பேர், பெஞ்சமின் ஆல்காக் என்ற அயர்லாந்துக்காரர் 1836-இல் எழுதிவைத்தது. இன்னொன்று, புடெண்டல் என்கிற சொல்லே லத்தீனில் வெட்கப்படுவது என்கிற வேரிலிருந்து வந்ததாம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். நரம்புக்குப் பேர் வைத்தவனே வெட்கப்பட்டிருக்கிறான், அப்புறம் நான் எந்த மூலை.

பிரான்ஸில் நாந்த் என்று ஒரு ஊர். அங்கே இருக்கிற டாக்டர்கள் மற்றவர்களோடு சேர்ந்து, இந்த நரம்பு மாட்டிக்கொண்டு வருகிற வலியைக் கண்டுபிடிக்க ஐந்து விஷயம் வகுத்து 2008-இல் வெளியிட்டார்கள். வலி அந்த நரம்பு போகிற இடத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் வலி அதிகமாக வேண்டும். உறக்கத்திலிருந்து எழுப்பக் கூடாது. தொட்டால் உணர்ச்சி போயிருக்கக் கூடாது. கடைசியாக, அந்த நரம்பைச் சுற்றி மரத்துப்போகிற ஊசி போட்டால் வலி போக வேண்டும். முதல் நான்கும் என்னிடம் 14 மாதமாக இருந்தன. யாராவது வரிசையாகக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். (ராத்திரியில் எழுப்புகிற வலி என்றாலோ, அடிப்பகுதி மரத்து, கால்கள் பலம் குறைந்து, மூத்திரம் நின்றுபோனாலோ அது வேறு விவகாரம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், என் கதையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.)

ஐந்தாவதுக்குத் திருவனந்தபுரம் போனோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நாகர்கோவில் கிழக்கே என்றால் திருவனந்தபுரம் மேற்கே, எது கையில் கிடைக்கிறதோ அதைப் பிடிப்போம். குழித்துறை ஸ்டேஷனில் ரயில் ஏறி, சீட் காலியாக இருந்தும், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் கதவருகே நின்றுகொண்டே போனேன். வீட்டுக்காரர் உட்காரச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் அவரும் எழுந்து கூட நின்றார். பேசவில்லை, சும்மா நின்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த டாக்டர் மயக்க மருந்துப் படிப்பு படித்து, வலிக்கென்றே தனியாகப் பார்ப்பவர். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பைக் கையில் தந்து, "சேச்சி, விரல் வெச்சுக் காட்டணும், எங்கே" என்றார். பொம்மை எலும்பில் விரல் வைக்க எனக்கு வெட்கமே வரவில்லை. இப்படி ஒரு எலும்பை ஒவ்வொரு ஆஸ்பத்திரி மேசையிலும் வாங்கி வைக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது. நரம்பு கண்ணுக்குத் தெரியாது, ஆழத்தில் கிடக்கிறது, பக்கத்திலேயே ரத்தக்குழாய், கொஞ்சம் தள்ளிக் காலுக்குப் போகிற பெரிய நரம்பு. அதனால் கைக்கணக்கில் குத்தாமல் படம் பார்த்துக்கொண்டே குத்துவார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முனை தெரியும், நரம்பு தெரியாது. அல்ட்ராசவுண்டில் தசைநார் தெரியும், ஓடுகிற ரத்தம் கலராகத் தெரியும், கதிர்வீச்சு கிடையாது, ஆனால் குண்டான உடம்பில் படம் மங்கும். சி.டி. ஸ்கேனில் ஊசி முனை எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியும், கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தை வைத்தே ஊசி போடுவது வெளிநாட்டில் சில பெரிய இடங்களில் நடக்கிறது. எனக்கு அல்ட்ராசவுண்டும் எக்ஸ்ரேயும் சேர்த்து.

சரி, அந்த மேசைக்கு வருவோம். குப்புறப் படுக்கவைத்து, அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. மேலே வளைந்த கை மாதிரி சி-ஆர்ம் எக்ஸ்ரே மிஷின். பார்க்க எனக்கு ஓவர்லாக் மிஷினின் கழுத்து ஞாபகம் வந்தது. துணியை எவ்வளவு விலக்குவார்களோ என்று முந்தின ராத்திரி முழுக்கப் பயந்தேன், பிட்டத்தில் ஒரு உள்ளங்கை அகலம்தான். ஊசி போவது அங்கே வழியாகத்தான், நான் பயந்த இடத்தில் இல்லை. இதைப் பெண்கள் யாராவது படித்தால் இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமலேயே நிறையப் பேர் போகாமல் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மருந்து துடைத்தபோது சில்லென்று இருந்தது. முதல் ஊசி தோலை மரக்கவைக்க. இரண்டாவது நீளம், அது உள்ளே இறங்குவது வலியாக இல்லை, ஒரு அழுத்தம். டாக்டர் திரையைப் பார்த்தபடி, கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே வந்தார். திடீரென்று பாபின் வந்துவிட்டது. அதே இடம், அதே உருண்டை, அதே எரிச்சல், நான் உட்காரவே இல்லை, குப்புறக் கிடக்கிறேன். "அதுதான் டாக்டர், அதுதான்" என்று கத்திவிட்டேன். நர்ஸ் பயந்துபோனார். டாக்டர் மட்டும் சந்தோஷமாக, "கிட்டி" என்றார். கிடைத்துவிட்டது.

இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. ஊசி போட்டால் ஓய்வெடு என்பார்கள் என்று பார்த்தால், போய் உட்கார் என்றார். எது மெத்தையில்லாத பெஞ்சோ அதில் உட்கார வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் பத்துக்கு எத்தனை வலி என்று எழுத வேண்டும். ஏனென்றால் இந்த ஊசி முதலில் பரிசோதனை, அப்புறம்தான் வைத்தியம். மரக்கிற மருந்து சில மணி நேரம் நிற்கும், அதற்குள் உட்கார்ந்து பார்க்காவிட்டால் ஊசி வீண்.

இடது கால் கொஞ்சம் துணியாகத்தான் இருந்தது, அது போகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக் கேன்டீனுக்குப் போய் மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு சாயா, ஒரு வாழைக்காப்பம். அவர் இன்னொரு சாயா சொன்னார். 11 மணி: 1. 12 மணி: 0. 1 மணி: 0. அளவு நோட்டில் பிளவுஸ் கணக்குக்கு நடுவே எழுதினேன், இன்னும் இருக்கிறது அந்தப் பக்கம், மேலே யாரோ ஒருத்தருடைய கைச்சுற்று பதினொன்றரை, கீழே என் பூஜ்யங்கள். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் சீட். நெய்யாற்றின்கரை தாண்டும்போது 2. வீடு வந்து ராத்திரி எட்டு மணிக்கு 7.

வலி திரும்பியதும் நான் அழவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. அந்த ஏழெட்டு மணி நேரம்தான் என் சாட்சி. முதுகுத் தட்டு இல்லை, கர்ப்பப்பை இல்லை, மனக்கவலை இல்லை, வலி போகிற பாதை இந்த நரம்பு. ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும், டாக்டரும் அழுத்திச் சொன்னார்: ஊசியில் வலி நின்றால் நரம்பு அந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறது என்று அர்த்தமில்லை, அதற்குக் கீழே எங்கே கோளாறு இருந்தாலும் மேலே மரக்கடித்தால் வலி நிற்கும். தெருமுனையில் கரண்டை நிறுத்தினால் எந்த வீட்டு விளக்கும் அணையும், பழுது எந்த வீட்டில் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மரக்கிற மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தார்கள். அது வேலை செய்யச் சில நாள் ஆகும் என்றார்கள். ஐந்தாம் நாள் வலி குறைந்து, மூன்று வாரம் போல நாலு அளவில் நின்று, மெதுவாகப் பழைய இடத்துக்குப் போனது. அது ஸ்டீராய்டின் வேலைதானா என்பது வேறு கேள்வி. பிரான்ஸில் 201 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், மரக்கிற மருந்தோடு ஸ்டீராய்டு சேர்ப்பதால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை என்று வந்ததை டாக்டரே எடுத்துக் காட்டினார். எனக்கு அந்த மூன்று வாரத்தில் சர்க்கரை வேறு ஏறியது. இரண்டாவது தடவை ஸ்டீராய்டு வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம்.

இரண்டாவது செய்தது பல்ஸ்டு ரேடியோ ஃப்ரீக்வென்ஸி. பேர்தான் பெரிது. அதே மேசை, அதே படம், அதே வழி, ஊசி முனையிலிருந்து விட்டுவிட்டு ரேடியோ அலை அனுப்புகிறார்கள், முனையின் சூடு 42 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். முட்டி வலி, முதுகு வலிக்கு 80 டிகிரிவரை ஏற்றிச் சின்ன நரம்பைச் சுட்டுவிடுவது உண்டு. இங்கே அதைச் செய்ய முடியாது, ஏனென்றால் வலியை மட்டும் சுமக்கிற நரம்பு இல்லை இது, மூத்திரத்தையும் மலத்தையும் அடக்குகிற தசைகளுக்கும் கட்டளை இதன் வழியாகத்தான். சுட்டுவிட்டால் வலியோடு அதுவும் போகும். அதனால் நரம்பை அழிக்காமல் அதன் கத்தலை மட்டும் குறைக்கப் பார்க்கிறார்கள். உறையவைக்கிற முறை ஒன்றும் இருக்கிறது, ஊசி முனையில் ஐஸ் கட்டி உண்டாக்கி நரம்பைச் செயலிழக்க வைப்பது, உறை மட்டும் மிச்சமிருப்பதால் நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் திரும்ப வளரும். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. கடைசி வழி அறுவை சிகிச்சை, மாட்டிக்கொண்ட இடத்தைத் திறந்து விடுவது. அதுவும் வேண்டாம் என்று இப்போதைக்கு இருக்கிறேன்.

பல்ஸ்டு செய்து ஏழு மாதம் ஆகிறது. வலி எட்டிலிருந்து மூன்றுக்கு வந்து நிற்கிறது. பூஜ்யம் இல்லை. பூஜ்யமாகும் என்று யாராவது உங்களிடம் உறுதி சொன்னால் பர்ஸைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.

மூன்றுக்கு வந்ததில் அந்தப் பிசியோ பெண்ணுக்குப் பாதிப் பங்கு உண்டு. வலிக்குப் பயந்து பயந்து அடிப்பகுதித் தசையை நான் ஒன்றரை வருஷமாக இறுக்கியே வைத்திருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். பிரசவத்துக்குப் பிறகு இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி சொல்வார்களே, அதை யூடியூப் பார்த்து நானாகச் செய்து வலியைக் கூட்டியும் வைத்திருந்தேன். எனக்கு வேண்டியது விடுகிற பயிற்சி. குப்புற முழங்காலில் குந்தி, வயிறு வரைக்கும் மூச்சு இழுத்து, அடியைத் தளர விடுவது. பார்க்க ஒன்றுமில்லை, பழக இரண்டு மாதம் ஆனது. அப்புறம் மலச்சிக்கல் வரவே கூடாது, முக்குவது இந்த நரம்பை இழுக்கும் என்றார். மரச்சீனிக் கிழங்கும் மீனும் மட்டும் தின்றால் போதாது மக்ளே, கீரையும் தின்னணும் என்று மாமி பல வருஷமாகச் சொன்னதை இப்போது கேட்கிறேன்.

குஷன் நானே தைத்தேன். கடையில் வாங்கிய வட்ட வளையம் சரிவரவில்லை, வளையத்தின் ஓரமே போய் அழுத்தியது. கட்டி ஃபோம் வாங்கி, முன்னால் இருந்து நடுவரைக்கும் நான்கு விரல் அகலத்தில் வெட்டி எடுத்து, குதிரை லாடம் போல. திறந்த பக்கம் முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும், எனக்கு முன்னால். மேலே பழைய டெனிம். அதில் 40 நிமிஷம் உட்கார்ந்து தைப்பேன், அப்புறம் எழுந்து வெட்டு வேலை. வெட்டுகிற மேசைக்கு இரண்டு செங்கல் உயரம் கூட்டியாயிற்று. மே மாத யூனிஃபார்ம் இந்த வருஷம் பாதி ஆர்டர்தான் எடுத்தேன், பணம் குறைந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

போன வாரம் கருங்கல் பக்கமிருந்து ஒருவர் பிளவுஸ் தைக்க வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நிறுத்தினார். கூட்டமாக இருந்ததால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இருங்க என்றேன்.

"இருக்கட்டும் அக்கா, நிக்கியேன்."

அரை மணி நேரம் நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி, சுவரில் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்து. அந்த நிற்பு எனக்குத் தெரியும். கூட்டம் குறைந்ததும் கடைப் பிள்ளைகளைச் சாயா வாங்க அனுப்பிவிட்டு, பக்கத்தில் போய், மெதுவாக அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். அவர் கையிலிருந்த துணிப்பை கீழே விழுந்தது. "உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை. குஷனை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன், பில் புக்கின் பின்பக்கத்தில் பிசியோ நம்பரை எழுதிக்கொடுத்தேன், ஐந்து விஷயத்தையும் வரிசையாகச் சொன்னேன், அவர் நான்கிற்குத் தலையாட்டினார். இருட்டுகிறவரை பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் போன பிறகுதான் பார்த்தேன், துணி இங்கே கிடக்கிறது, பிளவுஸுக்கு அளவே எடுக்கவில்லை.